தவிலுக்கு எதிரே ஒரு பியானோ

கனகோ பிறந்தது ஒட்டாரு என்கிற ஊரில். ஜப்பானின் வடக்கு மூலையில் இருக்கிற சின்னத் துறைமுகம் அது. வருஷத்தில் பல மாசம் பனி கொட்டி வீட்டு வாசலை மூடிவிடும். காலையில் எழுந்தால் முதல் வேலை அதை வாரி ஓரத்தில் தள்ளுவதுதான். அப்பா சின்ன வயதிலேயே தவறிப்போனார். அம்மா ரொட்டிக்கடை நடத்தினார். கடைக்கு மேலே இருந்த அறையில் உறவுக்காரர் யாரோ விட்டுப்போன பியானோ ஒன்று கிடந்தது. கீழே அம்மா மாவு பிசைவார், மேலே மகள் விரல் பழகுவாள். அடுப்பின் சூடு மேலே ஏறி வருவதால் எப்பேர்ப்பட்ட குளிரிலும் அந்த அறையில் மட்டும் விரல் விறைக்காது.

பள்ளி முடித்ததும் டோக்கியோவில் இருந்த சங்கீதக் கல்லூரி ஒன்றின் நுழைவுத் தேர்வுக்குப் போனாள். ஐரோப்பியச் செவ்வியல் இசை. ஒரு சுரம் கூடக் குறையக் கூடாது. மாசக்கணக்காகப் பழகிய உருப்படியை வாசித்துக்கொண்டிருக்கும்போது பாதியில் மறந்துபோயிற்று. வேறு பிள்ளைகளாக இருந்தால் கையை எடுத்துவிட்டு அழுதிருப்பார்கள். கனகோ நிறுத்தவில்லை. மறந்த இடத்திலிருந்து தானாகவே ஒரு வழி பிடித்து, அந்த மெட்டுக்குப் பொருந்துகிற மாதிரி எதையெதையோ இட்டுக்கட்டி, சுற்றி வளைத்துக் கடைசி வரிக்கு வந்து சேர்ந்துவிட்டாள். தேர்வாளர்களில் ஒருவர் முகம் கறுத்துப்போயிற்று. இன்னொருவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தேறவில்லை என்று ஊருக்கு வந்து சொன்னபோது அம்மா அடுப்பிலிருந்து முகம் திருப்பாமலே கேட்டார், "மறந்த இடத்தில் பயமாக இருந்ததா?"

"இல்லை. அங்கேதான் நன்றாக இருந்தது."

"அப்படியானால் அங்கேயே போ."

அப்படி இட்டுக்கட்டி வாசிப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிற ஓர் இசை உண்டு என்பதை அவள் சப்போரோ நகரத்துக் காப்பிக்கடை ஒன்றில்தான் கண்டுபிடித்தாள். ஜாஸ். ஒரு மெட்டை நடுவில் வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு திசையில் கற்பனை ஓட்டிவிட்டு, ஒரே தாளத்தில் வந்து கூடிக்கொள்கிற இசை. கனகோ அந்தக் கடையில் கோப்பை கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். சீக்கிரமே பியானோ முன்னால் உட்கார்ந்தாள். பிறகு யோகோஹாமாவுக்குப் போய், பேஸ் என்கிற பெரிய தந்தி வாத்தியம் வாசிக்கிற இவாசே என்பவரோடும் ஒரு டிரம்ஸ்காரரோடும் சேர்ந்து மூவர் குழு வைத்தாள். நல்ல வருஷங்கள் அவை. ஓர் இசைத்தட்டும் போட்டார்கள். வாங்கியவர்கள் சிலர், மறக்காதவர்கள் அதிலும் சிலர். கிளப்புகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது டிரம்ஸ்காரர் அப்பாவின் ஆப்பிள் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார். இவாசே ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். கனகோ உல்லாசக் கப்பல் ஒன்றில் ஏறினாள்.

கப்பலில் மாலை நேரம் மதுக்கூடத்து ஓரமாக உட்கார்ந்து வாசிக்க வேண்டும். யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காதவர்களுக்காக வாசிப்பது விரலை மெல்ல மெல்ல மரத்துப்போக வைக்கும். அப்படி அவள் மரத்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் ஏசி பழுதாகி, அதைச் சரிபார்க்க ஒருவர் ஏணியோடு வந்தார். அவள் பயிற்சி பண்ணிக்கொண்டிருந்தாள். அவர் ஏணியில் நின்று திருப்புளியைச் சுற்றியபடியே, அவள் வாசித்ததற்குக் கீழ்ச்சுதியில் மெல்ல ஒரு குரல் கூட்டினார். சரியான இடத்தில் விழுந்தது. கனகோ நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கள் பாடகரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இல்லை, பிரிட்ஜ் மெக்கானிக். எங்க ஊர்ச் சர்ச்சில் கொயர்ல பேஸ் பாடுவேன்."

அவர் பெயர் ஜெர்வின். ஊர் ராஜபாளையம். மறுநாளும் அந்த ஏசியைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அதற்கு அடுத்த நாளும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏசியை அவர் எத்தனை தரம் கழற்றி மாட்டினார் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டார்.

கல்யாணம் ஒட்டாருவில் சுருக்கமாக நடந்தது. அடுத்த பயணத்துக்குக் கையெழுத்துப் போட இருந்த சமயத்தில்தான் ஜெர்வினின் அப்பா சத்தியநேசனுக்குப் பக்கவாதம் வந்துவிட்டதாகப் போன் வந்தது. ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். வலது கையும் பேச்சும் போய்விட்டன. கொஞ்ச நாள் இருந்து பார்த்துக்கொண்டு திரும்பலாம் என்றுதான் இருவரும் கிளம்பினார்கள்.

மதுரை விமான நிலையத்துக்கு மாமியார் இன்பம் வந்திருந்தார். காவல்துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மருமகளைத் தலை முதல் கால்வரை ஒருமுறை பார்த்தார்.

"பேரென்ன?"

"கனகோ."

"கனகா. நல்ல பேருதான். ஏறு வண்டியில."

அத்தோடு அவள் கனகாவாகிவிட்டாள்.

வீடு பஞ்சு மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள தெருவில். பக்கத்து வீடு நவநீதகிருஷ்ணன் என்கிற ராஜாவுடையது. நூற்பு மில் ஒன்றில் பராமரிப்புப் பிரிவின் தலைவர். தெலுங்கு பேசுகிற ராஜுக்கள் குடும்பம். கனகாவுக்கு இந்தப் பக்கத்து வீட்டிலும் தன் வீட்டிலும் மாறி மாறிப் பேச்சு காதில் விழுந்தது. இரண்டையும் அவள் அக்கறையாகக் கற்றுக்கொண்டாள். ஆனால் அவை இரண்டு மொழிகள் என்பது அவளுக்குத் தெரியாது. ஒரே மொழி, சொற்கள்தான் ஏராளம் என்று நினைத்திருந்தாள். ஒருநாள் தனியாகப் பஸ் ஏறி, "அண்ணா, நாகு ஒரு டிக்கெட் காவாலி, ஸ்ரீவில்லிபுத்தூர்ல எறங்குதேன்" என்றாள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "யம்மா, நீங்க ராஜபாளையத்தாளுன்னு ஒத்துக்கிடுதேன்" என்றார். பஸ்ஸே சிரித்தது. வீட்டுக்கு வந்து ஜெர்வினிடம் விளக்கம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு வருஷ உழைப்பில் இரண்டு மொழி கிடைத்துவிட்டதே என்று சந்தோஷம்.

ஆனால் இசை இல்லை. பியானோவும் இல்லை, அதைத் தேடவும் அவளுக்குத் தோன்றவில்லை. கப்பலோடு அது முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள். ஜெர்வின் ஊரிலேயே ஏசி, குளிர்பதனக் கிட்டங்கி வேலைகளை எடுத்துச் செய்ய ஆரம்பித்தார். பகலில் மாமனாரோடு இருப்பது கனகாவின் பொறுப்பு.

ஒரு பிற்பகல் மாமனாரின் மரத்துப்போன கையை எண்ணெய் போட்டு உருவிவிட்டுக்கொண்டே, ஜெர்வின் கப்பலில் எப்போதும் முனகுகிற கீர்த்தனை மெட்டு ஒன்றை அவள் தன்னையறியாமல் முனகினாள். வார்த்தை அவளுக்குத் தெரியாது, மெட்டு மட்டும்தான். இரண்டாவது வரி வந்தபோது கட்டிலிலிருந்து ஒரு குரல் கூடச் சேர்ந்தது. சத்தியநேசன் பாடினார். 'அ', 'ம்' என்பதற்கு மேல் பேச்சு வராத வாயிலிருந்து வார்த்தை வார்த்தையாக, பிசிறில்லாமல், ஒரு சரணம் முழுசாக வந்தது. இன்பம் அடுப்படியிலிருந்து கரண்டியும் கையுமாக ஓடிவந்து நிலைப்படியில் நின்றார். பணிக்காலத்தில் எதற்கும் கலங்காத முகம். அன்றைக்குக் கலங்கிற்று.

மதுரை டாக்டரிடம் கேட்டபோது, பேச்சும் பாட்டும் மூளையில் ஒரே இடத்தில் இருப்பதில்லை, சிலருக்கு இப்படி நடக்கும், விடாமல் பாட வையுங்கள் என்றார். அவ்வளவுதான், கனகாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஜெர்வின் ஒரு கீபோர்டு வாங்கி வந்தார். காப்பி வேண்டும் என்பதற்கு ஒரு மெட்டு, முதுகு அரிக்கிறது என்பதற்கு ஒன்று, ஜன்னலைச் சாத்து என்பதற்கு ஒன்று என்று அவள் மாமனாருக்காகக் கட்டிக் கொடுத்தாள். அவர் பாடிக் கேட்டார். கேட்பவர் பாடினால் பதில் சொல்பவரும் பாடத்தானே வேண்டும்? "சக்கரை போடவா, வேண்டாமா" என்று இன்பமும் ராகம் இழுக்க வேண்டியதாயிற்று.

நவநீதகிருஷ்ணன் ஒருநாள் சுற்றுச்சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "என்ன ஏட்டம்மா, வீட்டுல தெனமும் ஜெபக்கூட்டம் நடக்கு போல?"

"இல்ல ராஜா. அவிய காப்பி கேக்காவ."

மெட்டு கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, வெறும் பேச்சு திரும்பி வர மாசக்கணக்கானது. ஆனால் வந்தது. திக்கித் திக்கித்தான், என்றாலும் வந்தது. இதற்குள் கனகாவின் விரல்கள் விழித்துக்கொண்டுவிட்டன. அவற்றை மறுபடி தூங்க வைக்க முடியவில்லை.

நோயாளிக்காக ஜெபிக்க வந்த கொயர் மாஸ்டர் வைகுண்டராஜ், உள்ளறையில் அவள் வாசிப்பதைக் கேட்டுவிட்டார். ஆலயத்தில் கீபோர்டு வாசித்த பையன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வாருங்கள் என்றார். கனகா போனாள். முதல் பாட்டின் முதல் சரணம் ஒழுங்காகப் போயிற்று. இரண்டாவது சரணத்தில் அவள் பழைய கை அடங்கவில்லை. சபை எதிர்பார்த்த சுரக்கூட்டு ஒன்று, அவள் போட்டது வேறொன்று. பெண்கள் பக்கம் ஒரு சுதிக்கும் ஆண்கள் பக்கம் இன்னொரு சுதிக்கும் போய், கடைசி வரிசை பாடுவதையே நிறுத்திவிட்டது.

ஆராதனை முடிந்ததும் வைகுண்டராஜ் தயங்கித் தயங்கி வந்தார். "கனகாம்மா, நீங்க வாசிச்சது நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எங்களுக்கு நிக்க எடம் தெரியல. நடந்து போயிட்டிருக்கும்போதே ரோட்டை உருவிட்ட மாதிரி ஆயிட்டு."

கனகா யோசித்துவிட்டு, "மன்னிச்சிருங்க. அடுத்த வாரம் ரோடு போட்டுத் தாரேன்" என்றாள்.

அப்படியே செய்தாள். பாட்டுகளுக்கு நேரான சாலை போட்டுக் கொடுத்தாள். ஆனால் வைகுண்டராஜும் இசை தெரிந்தவர். இந்தக் கையைக் கட்டிப்போடுவது பாவம் என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். காணிக்கை எடுக்கிற நேரத்தில் சபை பாடுவதில்லை, அது உங்களுக்கு, இஷ்டம்போல வாசியுங்கள் என்றார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு விசேஷம் நடந்தது. காணிக்கைப் பை நகரவே நகராது. பையை நீட்டினவரும் போட வேண்டியவரும் தலையைத் திருப்பிக் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிரசங்கம் தொடங்கத் தாமதமாவதைப் பார்த்த ஆலயத்துப் போதகர் ஐயர், "சகோதரி கனகாவின் நிமித்தம் நான் இன்றைக்குச் சுருக்கமாகப் பேச வேண்டியிருக்கிறது" என்றார். சபைக்கு அதில் வருத்தமில்லை.

தவில்காரர் வேல்பாண்டியை அவள் சந்தித்தது ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய மடவார் வளாகத்தில். மாமனாருக்கு மருந்து வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தாள். வைத்தியநாத சுவாமி கோயிலில் ஏதோ உற்சவம், வழியில் பஸ் நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே தவில் கேட்டது. ஒரு தாளக் கணக்கு நேராகப் போய்க்கொண்டிருக்கும். சட்டென்று ஒரு மௌனம் விழும். அடி எங்கே விழும் என்று காது எதிர்பார்க்கிறதோ அதற்கு ஒரு மயிரிழை தள்ளி விழும். கனகா பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டாள்.

தவில்காரருக்கு நாற்பது வயதிருக்கும். தன் எதிரே வந்து நிற்கிற வெளிநாட்டுப் பெண்ணைப் பார்த்தார். வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் போனைத் தூக்கிப் படம் பிடிப்பார்கள். இந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். விரல்கள் மட்டும் கைப்பையின்மேல் ஓடிக்கொண்டிருந்தன. வேல்பாண்டி வேண்டுமென்றே நடையை மாற்றிப் பார்த்தார். விரல்கள் ஒரு கணம் தடுமாறி, பின்னாலேயே வந்துவிட்டன. மறுபடி மாற்றினார். மறுபடி வந்தன. நாகஸ்வரக்காரர் முறைக்கிறவரைக்கும் அவர் விடவில்லை.

வாசிப்பு முடிந்து துண்டால் முகம் துடைத்துக்கொண்டே கேட்டார், "நீங்க எந்த ஊரும்மா?"

"ராஜபாளையம்."

"அது சரி. அதுக்கு முன்ன?"

இப்படித் தொடங்கிய பழக்கம். வாரத்தில் ஒரு நாள் கீபோர்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கனகா பஸ்ஸில் மடவார் வளாகம் போவாள். வேல்பாண்டி வீட்டு மாடியில் எதிரும் புதிருமாக உட்கார்வார்கள். அவர் தீர்மானம் என்கிற முடிப்புச் சொற்கட்டு ஒன்றை வைத்தால், அது முடிகிற இடத்துக்கு அவள் முன்னாலேயே போய் விழுவாள். அவர் சிரிப்பார். அவள் ஜாஸின் ஊஞ்சல் நடையில் ஒன்றை எடுத்தால், தாளத்தில் அது தொடங்குகிற எடுப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அவர் கை அந்தரத்தில் நிற்கும். அவள் சிரிப்பாள். வேல்பாண்டியின் மனைவி ஈஸ்வரி கீழே துணி காயப்போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பவர்.

"ரெண்டு பேரும் தப்புத்தான் வாசிக்கிய" என்று ஒருநாள் தண்ணீர்ச் சொம்போடு மேலே வந்து சொன்னார். "ஆனா சேந்து தப்பும்போது நல்லாருக்கு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுதான் வழி என்று அவர்களுக்கே அதுவரை விளங்கவில்லை. ஒருவர் கணக்குக்குள் மற்றவர் போய் அடங்க வேண்டியதில்லை. இருவரும் தப்பிப்போகிற இடத்தில் சேர்ந்து நின்றால் போதும். அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் கனகாவுக்கு உறைத்தது, வாசித்துக்கொண்டே சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று.

மேடை தானாக வந்தது. வத்திராயிருப்பில் முத்துவீரன் என்கிற விவசாயி வீட்டுக் கல்யாணம். காலையில் முகூர்த்தத்துக்கு வேல்பாண்டி தவில். சாயங்கால வரவேற்புக்கு மெல்லிசைக் குழு பேசியிருந்தார்கள். குழுவின் வேன் எங்கோ வழியில் பழுதாகிப் படுத்துவிட்டது. மாப்பிள்ளை ராணுவத்தில் இருப்பவர். அவரோடு லீவில் வந்திருந்த சிப்பாய்க் கூட்டம் ஆடுவதற்குத் தயாராக நிற்கிறது. மேடையில் நாற்காலிகள் மட்டும்தான். முத்துவீரன் மேல்துண்டைப் பிசைந்துகொண்டு நின்றதைப் பார்த்து வேல்பாண்டி போன் போட்டார்.

"யக்கா, கீபோர்டத் தூக்கிட்டு வத்திராயிருப்பு வந்திருங்க. ஒரு கல்யாணத்தக் காப்பாத்தணும்."

ஜெர்வின் பைக்கை எடுத்தார். கனகா கீபோர்டை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். அது இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. இன்பம், "நீங்க முன்னால போங்க, நான் ஆட்டோல வாரேன். கூட்டத்த அடக்க ஆள் வேணும்லா" என்று புடவை மாற்றப் போனார்.

மேடையில் ஒரு ஜப்பான்காரப் பெண்ணையும் ஒரு தவிலையும் பார்த்ததும் பந்தல் முழுக்க முணுமுணுப்பு. "இம்புட்டுத்தானா?" என்று யாரோ சத்தமாகவே கேட்டார்கள். சிப்பாய்கள் ஒரு குத்துப்பாட்டின் பெயரைச் சொல்லி அதை வாசி என்றார்கள். கனகா அதைக் கேட்டதே இல்லை.

"தெரியாது. நீங்க பாடுங்க" என்று மைக்கை நீட்டினாள்.

ஒரு சிப்பாய் வெட்கப்பட்டுக்கொண்டே இரண்டு வரி பாடினார். சுதி எங்கெங்கோ போயிற்று. கனகா அதை அப்படியே விரலில் எடுத்தாள், சுதி வழுக்கின இடம் உட்பட. பந்தல் சிரித்தது. மறுமுறை அதை நேராக்கினாள். மூன்றாம் முறை அடியில் இடது கையால் ஒரு நடை போட்டாள். அந்தக் கணம் பார்த்து வேல்பாண்டி உள்ளே இறங்கினார். அப்புறம் அந்த மெட்டு யார் பேச்சையும் கேட்கவில்லை. யோகோஹாமா கிளப்புக்குப் போயிற்று, மடவார் வளாகத்துக்கு வந்தது, ஆலயத்துக் காணிக்கை நேரத்தில் கொஞ்சம் நின்றது, மறுபடி குத்துப்பாட்டாகிக் குதித்தது. சிப்பாய்கள் ஆடினார்கள். மாப்பிள்ளை மாலையோடு இறங்கி ஆடினார். பெண்ணும் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள். முத்துவீரன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடத் தொடங்கியபோது, கூட்டத்தை அடக்க வந்த இன்பம் முன்வரிசையில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். பாதியில் மெல்லிசைக் குழுவும் வேறொரு வண்டி பிடித்து வந்து சேர்ந்தது. நடப்பதைக் கொஞ்ச நேரம் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, அவர்களும் மேடையேறிக் கலந்துகொண்டார்கள்.

கனகா வேர்வையில் நனைந்துபோயிருந்தாள். கப்பல், கிளப், இசைத்தட்டு எதிலும் இப்படி ஒரு கூட்டம் அவளைக் கேட்டதில்லை. பந்தியில் உட்கார்ந்ததும் பரிமாறுகிறவர் அவள் இலையில் மட்டும் இரண்டு அப்பளம் வைத்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் அழைப்புகள் வரத் தொடங்கின. கல்யாணம், காது குத்து, கிருஷ்ணன்கோவில் பக்கத்துக் கல்லூரி விழா, கிறிஸ்துமஸ் மரவிழா. 'ஜப்பான் தவில் செட்' என்று ஊர் பேர் வைத்தது. போஸ்டரில் 'ஜப்பான் புகழ் கனகா' என்று போட்டிருந்ததைப் பார்த்து அவள் வேல்பாண்டியிடம் சண்டை பிடித்தாள்.

"தம்பி, ஜப்பான்ல என்னய யாருக்கும் தெரியாது."

"அது இங்க யாருக்குக்கா தெரியும்?" என்றார் வேல்பாண்டி.

பியானோ கிடைத்தது ஜெர்வினால். கொடைக்கானலில் காளான் பண்ணை ஒன்றின் குளிர் அறையைப் பழுது பார்க்கப் போனவர், பண்ணை முதலாளி பங்களாவில் சுவரோரம் நிற்கிற பழைய பியானோவைப் பார்த்தார். அதன்மேல் பூந்தொட்டி வைத்திருந்தார்கள். எலி குடியிருக்கிறது, எடுத்துக்கொண்டு போனால் புண்ணியம் என்றார் முதலாளி.

லாரியில் வந்து இறங்கியது ஒரு சனிக்கிழமை பிற்பகலில். பஞ்சு மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற லோடுமேன் ஐயாதுரையும் அவருடைய ஆட்களும் இறக்கினார்கள். பஞ்சு மூட்டை போல இது வளைந்து கொடுக்காது, முதுகில் ஏற்றவும் முடியாது. ஒருவழியாக வாசலுக்குக் கொண்டுவந்தால் வாசல் சின்னது. கதவைக் கழற்றினார்கள். நிலையையும் கழற்றலாமா என்று ஐயாதுரை சுவரைத் தட்டிப் பார்த்தார். அப்போதுதான் மேற்கே மலைமேல் மேகம் இறங்கியது.

"மழ வருதுடே" என்றார் ஒருவர்.

தெருவின் நடுவில் பியானோ. முன்னால் ஒரு லாரி, பின்னால் பால்வண்டி, மினி பஸ், ஏழெட்டு பைக். ஹாரன் சத்தம். இன்பம் தெருவில் இறங்கினார். ஓய்வு பெற்றாலும் கை மறக்கவில்லை. "ஏலே, வண்டிய அணை. நீ பின்னால எடு. நீ அங்கனயே நில்லு" என்று அவர் காட்டிய கைக்குத் தெரு கட்டுப்பட்டது. இந்தக் களேபரத்தில் கனகா மூடியைத் திறந்து, நின்றபடியே கட்டைகளைத் தொட்டுப் பார்த்தாள். பாதிக் கட்டை பேசவில்லை. பேசிய பாதியும் தொண்டை கட்டியிருந்தது. இருக்கிறதை வைத்துக்கொண்டு ஒரு மெட்டுப் பிடித்தாள். ஊமைக் கட்டைகள் வருகிற இடத்தில் மௌனம் விழுகிற மாதிரி அமைத்துக்கொண்டாள். ஹாரன்கள் நின்றன. மினி பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கிவிட்டார்கள்.

முதல் தூறல் விழுந்ததும் நவநீதகிருஷ்ணன் தன் வீட்டு இரட்டைக் கதவை அகலத் திறந்தார். "தீசுகு ரா அம்மா, இங்க கொண்டாங்க. கல்யாணமே நடத்துன ஹால், பியானோவுக்கு எடமில்லாமலா போயிரும்?"

ஐயாதுரை ஆட்கள் ஒரே மூச்சாகத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கதவைச் சாத்தவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. கொஞ்ச நாளில் வாசலை இடித்துப் பெரிதாகக் கட்டி, பியானோவை எடுத்துக்கொள்வதாக ஜெர்வின் சொன்னார். ராஜா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பியானோவுக்குள்ளே எலி தின்றுவிட்ட கம்பளித் துண்டுகளுக்குப் பதிலாக, மில்லில் உருளைகளுக்குச் சுற்றுகிற கம்பளித் துணியைக் கொண்டுவந்து அவரே கத்தரித்துக் கொடுத்தார். கனகா ஜப்பானிலிருந்து தந்தி முறுக்குகிற சாவி வரவழைத்துச் சுதி கூட்டினாள். சனிக்கிழமை மாலைகளில் அந்த ஹாலில் அவளும் வேல்பாண்டியும் வாசிக்க உட்கார்ந்தார்கள். முதலில் தெருவில் உள்ளவர்கள் வந்தார்கள். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தார்கள். ராஜா வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு முன்வரிசையில் இடம் பிடித்துக்கொண்டார்கள்.

கல்லூரி மாணவர் யாரோ போனில் பிடித்து இணையத்தில் போட்ட வீடியோ சுற்றிச் சுற்றி யோகோஹாமாவில் இவாசேயின் கண்ணில் பட்டுவிட்டது. எத்தனையோ வருஷத்துக்குப் பின் போன் செய்தார். எடுத்த எடுப்பில் நலம் கூட விசாரிக்கவில்லை. "அந்த மேளக்காரர் யார்?" என்றுதான் கேட்டார். மாம்பழ சீசனில் ஒலிப்பதிவுக் கருவிகளோடு நேரில் வந்து இறங்கினார். பகலெல்லாம் ராஜா வீட்டு ஹாலில் பதிவு. வெளியே பழ வண்டிக்காரர் கூவுவதும் பதிவாகிவிட்டது. எடுத்துவிடலாமா என்று கனகா கேட்டாள். சுதியோடுதான் கூவுகிறார், இருக்கட்டும் என்றார் இவாசே. தினமும் சப்பட்டை மாம்பழம் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டு, இன்பம் வைத்துக் கொடுத்த கஷாயத்தைக் கண்ணை மூடிக் குடித்துவிட்டு ஊர் திரும்பினார். இசைத்தட்டு ஜப்பானில் பேசப்பட்டது. இந்த முறை வாங்கியவர்கள் சிலரல்ல, பலர். வருகிற டிசம்பரில் அங்கே வந்து வாசிக்க வேண்டும் என்று அழைப்பும் வந்தது. முதல் கச்சேரி ஒட்டாருவில்.

இப்போது மடவார் வளாகத்து மாடியில் பேச்செல்லாம் குளிரைப் பற்றித்தான். வேல்பாண்டிக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அந்தப் பனியில் தவில் தோல் இழுத்துக்கொள்ளுமா, தளர்ந்துவிடுமா என்று அவருக்குக் கவலை. கனகாவின் அம்மா போனில், ரொட்டி அடுப்புக்கு மேலே உள்ள அறையில் தவிலை வைத்துக்கொள்ளலாம், மேளக்காரரும் அங்கேயே படுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். ஈஸ்வரிக்கு அதைவிடப் பெரிய கவலை ஸ்வெட்டர். ஸ்ரீவில்லிபுத்தூரில் கடைகடையாக ஏறி இறங்கினார். வெயில் கொளுத்துகிற ஊரில் யார் ஸ்வெட்டர் விற்பார்கள்? கடைசியில் ஒரு சனிக்கிழமை, தவிலோடு வந்த வேல்பாண்டியை வீட்டுக்குள் கூப்பிட்டு, சத்தியநேசன் தன் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். காஷ்மீர் எல்லையில் போட்ட ராணுவக் கம்பளிச் சட்டை, அந்துருண்டை வாசனையோடு இருந்தது.

"போ...ட்டுக்கோ" என்றார் நிதானமாக. "தாங்கும்."

வேல்பாண்டி அங்கேயே போட்டுப் பார்த்தார். இடுப்போடு நிற்க வேண்டியது முழங்காலைத் தொட்டது. சுபேதார் அவ்வளவு உயரம். வேர்த்துக் கொட்டக் கொட்ட அதைக் கழற்றாமலே தவிலை மாட்டிக்கொண்டு, "கையி மடங்குதான்னு பாத்துருவோம், எடுங்கக்கா" என்றார்.

கனகா சிரிப்பை அடக்கிக்கொண்டு கீபோர்டில் கை வைத்தாள். முதல் தாள வட்டத்திலேயே இருவரும் சேர்ந்து தப்பினார்கள்.